ஒன்ராறியோவில் விவாகரத்தும் பராமரிப்புப் பணமும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விவாகரத்து பற்றிப் பேச வருபவர்களில் பலர் கைப்பேசியைத் திறந்துகொண்டே வருகிறார்கள். துணைவர் இன்னொருவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள், குடும்பத்தார் ஏசிய ஒலிப்பதிவு, திகதி போட்ட படங்கள் என்று எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தத் துணைவரின் கடந்த மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு மட்டும் இருக்காது. பராமரிப்புப் பணம் என்று வரும்போது கனடிய நீதிமன்றம் முதலில் கேட்பது அதைத்தான்.

1986இல் நடைமுறைக்கு வந்த இன்றைய விவாகரத்துச் சட்டம் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்கிறது: திருமணம் முறிந்துவிட்டது. முறிந்ததைக் காட்ட, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தால் போதும். பிறரோடு உறவு, கொடுமை ஆகிய இரண்டும் சட்டத்தில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நிரூபிக்கச் செலவாகும் பணத்தையும் காலத்தையும் பார்த்தால், ஓராண்டு காத்திருப்பதே மலிவு. அதனால் ஏறக்குறைய எல்லோரும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று அதே சட்டத்தின் 15.2ஆம் பிரிவில் இருக்கிறது. துணைவருக்கான பராமரிப்பைத் தீர்மானிக்கும்போது, திருமண வாழ்க்கையில் ஒருவர் நடந்துகொண்ட தவறான முறையை நீதிமன்றம் கணக்கில் எடுக்கக் கூடாது. ஏமாற்றியவர் என்பதற்காக ஒரு டொலர் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. பணம் வாங்குபவரே ஏமாற்றியவர் என்றாலும், அதற்காக அவருக்கு ஒரு டொலர் குறையவும் மாட்டாது. நம்மவர்களுக்கு இது எளிதில் செரிப்பதில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு: அந்த நடத்தையால் ஏற்பட்ட பொருளாதார விளைவை நீதிமன்றம் பார்க்கலாம். துணைவரின் செயலால் மனம் உடைந்து வேலை செய்ய இயலாமல் போனவர், அந்த இயலாமையை மருத்துவச் சான்றோடு முன்வைக்கலாம் என்று 2006இல் லெஸ்குன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கேயும் கேள்வி ‘யார் தவறு’ என்பதல்ல, ‘இவரால் இன்று உழைக்க முடிகிறதா’ என்பதுதான்.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் கீழே சொல்லும் வரிசையை விட்டுவிடுங்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றத்தில் அவசர மனு போட வழி இருக்கிறது. ரொறன்ரோவில் பார்ப்ரா ஷ்லிஃபர் கிளினிக் போன்ற அமைப்புகள் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சட்ட உதவியும் மொழிபெயர்ப்பு உதவியும் தருகின்றன. கணவரின் வரிக் கணக்கை எடுப்பதற்காக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். அதை நீதிமன்றம் கேட்டு வாங்கும்.

முதலில்: குடிவரவு பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

‘ஸ்பொன்சர்’ செய்யப்பட்டு வந்தவர்கள் பராமரிப்புக் கேட்கத் தயங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: “பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.” நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டதா? கிடைத்திருந்தால், உண்மையான திருமணத்தின் பேரில் வந்தவரை விவாகரத்து வெளியேற்றாது. துணைவரோடு இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என்று ஒரு நிபந்தனை முன்பு இருந்தது. அது 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. இன்னமும் அதைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்பொன்சர் செய்தவர் அரசாங்கத்துக்குக் கொடுத்த பொறுப்பேற்பு, துணைவர் நிரந்தர வதிவாளரான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் நீடிக்கும். விவாகரத்தால் அது முடிவதில்லை. அந்தக் காலத்துக்குள் நீங்கள் சமூக உதவிப் பணம் எடுத்தால், அதை அவரிடம் அரசாங்கம் திருப்பிக் கேட்கலாம். அது அவருக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான கடன். உங்கள் பராமரிப்பு உரிமை வேறு.

விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருப்பவர்களின் நிலை அப்படியல்ல. அவர்கள் பிரிவை அறிவிப்பதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் பேசியே ஆக வேண்டும்.

பிரிந்த திகதியை எழுதி வையுங்கள்

ஓராண்டு எண்ணப்படுவது இந்த நாளிலிருந்துதான். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. வாடகை விற்கும் விலையில் ஒருவர் மேல்மாடியிலும் ஒருவர் நிலக்கீழ்த் தளத்திலுமாக இருப்பது சாதாரணம். சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் வாழ்க்கை உண்மையில் பிரிந்திருக்க வேண்டும்: தனித்தனிப் படுக்கை, தனித்தனிச் சமையல், தனித்தனிப் பணம், விசேஷங்களுக்குத் தம்பதியாகப் போகாமை. “இன்றிலிருந்து நாம் பிரிந்திருக்கிறோம்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால், பின்னால் திகதியைப் பற்றிச் சண்டை வராது.

பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைத்து, மீண்டும் ஒத்துவராமல் போனால்? சேர்ந்து வாழ்ந்து பார்த்த காலம் மொத்தம் 90 நாட்களைத் தாண்டாவிட்டால் ஓராண்டுக் கணக்கு அறுந்துபோகாது. ஆகவே கணக்கு கெட்டுவிடும் என்று பயந்து சமரச முயற்சியை மறுக்க வேண்டியதில்லை.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று: ஓராண்டு என்பது விவாகரத்துக்குத்தான். பராமரிப்புக்கு எந்தக் காத்திருப்பும் இல்லை. பிரிந்த மறுநாளே கேட்கலாம், இடைக்கால உத்தரவும் பெறலாம். விவாகரத்து விண்ணப்பத்தையே ஓராண்டு முடிவதற்கு முன் தாக்கல் செய்யலாம். தீர்ப்புத்தான் ஓராண்டுக்குப் பிறகு வரும். “விவாகரத்து முடியட்டும், பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்” என்று சொல்பவருக்கு அந்த ஓராண்டுப் பணம் மிச்சமாகிறது. அவ்வளவுதான்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகளுக்கான பணத்தைப் பின்னோக்கிக் கணக்கிடும்போது, நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்பதை நீதிமன்றம் பார்க்கும். பொதுவாக அந்த நாள் வரை பின்னால் போவார்கள், ஆனால் முறைப்படி அறிவித்தல் கொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளைத் தாண்ட மாட்டார்கள். “பிள்ளைகளின் செலவுக்கு மாதாமாதம் பணம் வேண்டும், உங்கள் வருமான விவரத்தை அனுப்புங்கள்” என்ற இரண்டு வரி மின்னஞ்சல் போதும். உறவினர் மூலம் சொல்லி அனுப்பியதற்குச் சான்று கிடையாது.

திருமணம் இலங்கையிலோ இந்தியாவிலோ நடந்திருந்தாலும் இங்கே விவாகரத்துப் பெறலாம். உங்கள் இருவரில் ஒருவராவது விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஓராண்டு ஒன்ராறியோவில் வசித்திருக்க வேண்டும். திருமணச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அத்தாட்சிபெற்ற மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஊரிலிருந்து சான்றிதழ் எடுப்பிக்கக் காலம் பிடிக்கும் என்பதால், அந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.

காகிதங்கள்

கடந்த மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்குகள். ஒவ்வோர் ஆண்டுக்கும் வரித் திணைக்களம் அனுப்பிய மதிப்பீட்டு அறிவித்தல். அண்மைய சம்பளச் சீட்டுகள். சொந்தத் தொழில் செய்பவர் என்றால் தொழிலின் மூன்று ஆண்டு நிதி அறிக்கைகளும் வேண்டும். இவற்றை இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுப்பது கட்டாயம். உங்களுடையவற்றை நீங்களும் கொடுக்க வேண்டும்.

நீதிமன்றம் போனால் நிதிநிலை அறிக்கையைச் சத்தியம் செய்து நிரப்ப வேண்டும். பராமரிப்பு மட்டும் கேட்டால் படிவம் 13. சொத்தும் கேட்டால் படிவம் 13.1. வாடகை, சாப்பாடு, காப்புறுதி, கைப்பேசி என்று ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி இருக்கும். சீட்டுப் பிடிப்பவர்கள் அதைக் கடன் பக்கத்திலோ சேமிப்புப் பக்கத்திலோ காட்டத்தான் வேண்டும். “அது எழுத்தில் இல்லையே” என்று விட்டுவிட்டால், எதிர்த்தரப்பு வங்கிக் கணக்கில் மாதாமாதம் போகும் ஒரே தொகையைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

இணை வங்கிக் கணக்கின் அறிக்கைகள், வீட்டுக் கடன் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றுக்குப் படி எடுத்து வெளியே ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துணைவரின் மின்னஞ்சலுக்குள் கடவுச்சொல் போட்டு நுழைவது வேண்டாம். அது வேறு வம்பு.

பிள்ளைகளுக்கான பணம்

இங்கே பேரம் பேச இடம் குறைவு. 1997 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய பிள்ளை பராமரிப்பு வழிகாட்டு விதிகளில் அட்டவணைகள் இருக்கின்றன. கட்டுபவரின் ஆண்டு மொத்த வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, அவர் வசிக்கும் மாகாணம் ஆகிய மூன்றும் தெரிந்தால் மாதத் தொகை கிடைத்துவிடும். நீதித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வருமானத்தை இட்டுப் பார்க்கலாம். அட்டவணைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய தாளில் இருப்பதை நம்பாமல் அங்கேயே பாருங்கள்.

‘மொத்த வருமானம்’ என்ற இடத்தில்தான் சண்டை தொடங்கும். கணக்கின் தொடக்கம் வரிக் கணக்கின் 15000ஆம் வரி, அதாவது வரி பிடிப்பதற்கு முன் உள்ள தொகை. வீட்டுக் கடன், வாகனத் தவணை, கடனட்டைப் பாக்கி எதுவும் இதிலிருந்து கழிக்கப்படாது. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணமும் கழிக்கப்படாது. நம் வீடுகளில் பெற்றோருக்கு அனுப்புவது கடமை. இங்குள்ள அட்டவணைக்கு முன்னால் பிள்ளைதான் முதல் கடமை. மிகுந்த இடர்ப்பாடு என்று விதிவிலக்குக் கேட்க வழி இருந்தாலும், அதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்கள் குறுகியவை. அவற்றைக் காட்டியும் தன் வீட்டு வாழ்க்கைத்தரம் மற்றவர் வீட்டைவிடக் கீழே இருப்பதை நிரூபிக்க வேண்டும். பெரும்பாலானவர்களால் முடிவதில்லை.

வாங்குபவரின் சம்பளம் அட்டவணைத் தொகையை மாற்றாது. “அவளும்தானே வேலை செய்கிறாள்” என்ற வாதம் இந்த இடத்தில் செல்லாது.

கையில் காசாகச் சம்பளம் வாங்குபவர், தன் கம்பனிக்குள் லாபத்தை வைத்துக்கொள்பவர், பிரிந்த மாதமே வேலையை விட்டவர் ஆகியோருக்கு நீதிமன்றம் ‘இவர் இவ்வளவு உழைக்கக்கூடியவர்’ என்று ஒரு வருமானத்தைத் தானே ஏற்றிவைக்கும். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது சான்று வேண்டும்: வாகனத்தின் ஆண்டு, விடுமுறைப் பயணங்கள், வங்கியில் விழுந்த தொகைகள், அதே தொழிலில் மற்றவர்கள் பெறும் சம்பளம். ஊகத்தை மட்டும் வைத்து நீதிபதி வருமானம் ஏற்றமாட்டார்.

அட்டவணைத் தொகைக்கு மேல் சிறப்புச் செலவுகள் வேறு. வழிகாட்டு விதிகளின் ஏழாம் பிரிவு இவற்றைச் சொல்கிறது: வேலைக்குப் போவதற்காகச் செய்யும் குழந்தைப் பராமரிப்புச் செலவு, காப்புறுதி கொடுத்தது போக ஆண்டுக்கு 100 டொலரைத் தாண்டும் மருத்துவ, பல் செலவு, கல்லூரி அல்லது பல்கலைக்கழகச் செலவு போன்றவை. இவற்றை இருவரும் வருமான விகிதத்தில் பகிர வேண்டும். ஒருவருக்கு 60,000, மற்றவருக்கு 40,000 என்றால், வரிச் சலுகை போக மிஞ்சும் 500 டொலர் பராமரிப்புச் செலவில் முதலாமவர் 300, இரண்டாமவர் 200. பரதநாட்டியமும் மிருதங்கமும் இதில் சேருமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரண வகுப்புக் கட்டணத்தை அட்டவணைத் தொகையே தாங்க வேண்டும். வழக்கத்துக்கு மேற்பட்ட செலவாக, பிள்ளைக்குத் தேவையானதாக, இருவரின் வசதிக்கும் பொருந்துவதாக இருந்தால் வாதாடலாம். அரங்கேற்றச் செலவை உடன்படிக்கையில் முன்கூட்டியே எழுதிவைப்பது புத்திசாலித்தனம். அந்தப் பட்டியல் எவ்வளவு நீளும் என்பது நமக்குத் தெரியும்.

பிள்ளை இருவரிடமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் கணக்கு மாறும். ஆண்டின் நேரத்தில் குறைந்தது 40 சதவீதம் ஒவ்வொருவரிடமும் இருந்தால், இருவரின் அட்டவணைத் தொகைகளையும் எடுத்து வித்தியாசத்தைக் கூடுதலாக உழைப்பவர் கட்டுவது தொடக்கப் புள்ளி. அத்தோடு முடிந்துவிடாது, இரண்டு வீடு நடத்தும் செலவையும் இருவரின் நிலைமையையும் நீதிமன்றம் பார்க்கும். இந்த 40 சதவீதத்தைக் கேள்விப்பட்ட பிறகுதான் சில அப்பாக்களுக்குப் பிள்ளைகளின் மேல் திடீர்ப் பாசம் பொங்குகிறது. சில அம்மாக்கள் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். இரண்டையும் நீதிபதிகள் நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுக்கக் கூடாது. பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் கூடாது. சட்டம் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது.

பிள்ளைக்கான பணம் 18 வயதோடு தானாக நின்றுவிடாது. படிப்பு, நோய், இயலாமை காரணமாகத் தன் காலில் நிற்க முடியாத பிள்ளைக்கு அது தொடரும். “வீட்டை எனக்கு எழுதித் தா, பிள்ளைக்கான பணம் கேட்கமாட்டேன்” என்ற பண்டமாற்று நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. அது நிற்காது. அந்த உரிமை பிள்ளையுடையது. அம்மாவோ அப்பாவோ அதை விற்க முடியாது. பிள்ளைகளுக்கு நியாயமான ஏற்பாடு செய்யப்படாவிட்டால் விவாகரத்தையே நீதிபதி நிறுத்திவைக்க வேண்டும். இருவரும் சேர்ந்து கேட்டாலும் இதுதான் நிலை.

துணைவருக்கான பணம்

பிள்ளைக்கான பணம் போல இது தானாகக் கிடைப்பதல்ல. முதலில் உரிமை உண்டா என்று நிறுவ வேண்டும்; அதற்குப் பிறகுதான் எவ்வளவு, எத்தனை காலம் என்ற கேள்விகள். கேட்பவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கணவரும் கேட்கலாம். கையில் உள்ள பணம் இரண்டுக்கும் போதாவிட்டால் பிள்ளைக்கானதுதான் முதலில்.

உரிமைக்கு முக்கியமாக இரண்டு வழிகள். திருமணத்துக்காக ஒருவர் இழந்ததை ஈடுசெய்வது ஒன்று. பிரிவால் ஒருவர் தேவையில் விழுவது மற்றது. முதலாவதற்கு அடித்தளம் போட்டது 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மோஜ் வழக்கு. போலந்திலிருந்து 1960இல் மனிட்டோபாவுக்கு வந்த குடும்பம் அது. கணவர் உலோக ஒட்டுவேலை செய்தார். மனைவி பகலில் மூன்று பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்து, மாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். பிரிந்து ஆண்டுகள் பல கழிந்த பிறகு, “இனி அவளே பார்த்துக்கொள்ளட்டும்” என்றார் கணவர். திருமணத்தில் வகுத்துக்கொண்ட வேலைப் பிரிவால் மனைவி இழந்ததை அப்படித் துடைத்துவிட முடியாது என்று நீதிமன்றம் பணத்தைத் தொடரச் சொன்னது. ஊரில் ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே வந்து, கணவர் தன் தொழில் உரிமத் தேர்வுகளை எழுதி முடிக்கும்வரை இரவு வேலைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் ‘எனக்குக் கஷ்டம்’ என்று மட்டும் சொல்லாமல், எந்த ஆண்டு எதை விட்டேன், அதனால் யார் எங்கே உயர்ந்தார் என்று திகதியோடு எழுத வேண்டும். வழக்கின் உயிர் அந்தப் பக்கத்தில்தான்.

தொகைக்குத் துணைவர் பராமரிப்பு ஆலோசனை வழிகாட்டி என்ற ஒன்றை நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் பயன்படுத்துகிறார்கள். அது 2008இல் இறுதி வடிவம் பெற்றது. சட்டம் அல்ல, ஆனாலும் காரணம் சொல்லாமல் அதிலிருந்து விலகுவது அரிது. பிள்ளைகளுக்கான பணம் கட்ட வேண்டியதில்லாத தம்பதிக்கு அதன் சூத்திரம் எளியது: இருவரின் மொத்த வருமான வித்தியாசத்தில், சேர்ந்து வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.5 முதல் 2 சதவீதம். உச்சவரம்பு 50 சதவீதம். ஒருவர் 90,000, மற்றவர் 30,000, பத்து ஆண்டுத் திருமணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 60,000. அதில் 15 முதல் 20 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9,000 முதல் 12,000. மாதம் 750 முதல் 1,000 டொலர். காலம், சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளின் பாதி முதல் முழுமை வரை, இங்கே ஐந்து முதல் பத்து ஆண்டுகள். இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ நீடித்த திருமணத்துக்கு முடிவுத் திகதி குறிக்கப்படுவதில்லை. ஐந்து ஆண்டுகளாவது வாழ்ந்து, வாழ்ந்த ஆண்டுகளையும் பிரியும்போது வாங்குபவருக்கு இருந்த வயதையும் கூட்டினால் 65 அல்லது அதற்கு மேல் வந்தாலும் அப்படித்தான். முடிவுத் திகதி இல்லை என்றால் ஆயுள் முழுவதும் என்று பொருளல்ல. நிலைமை மாறினால் மீளாய்வு உண்டு.

பிள்ளைகள் இருந்தால் வேறு சூத்திரம். வரி, பிள்ளைக்கான பணம், அரசாங்கக் கொடுப்பனவுகள் எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சுவதில் குறைந்த வருமானக்காரருக்கு 40 முதல் 46 சதவீதம் போய்ச்சேரும்படி அது கணக்கிடுகிறது. கையால் போட முடியாது. மை சப்போர்ட் கல்குலேட்டர் என்ற இலவச இணையத்தளத்தில் உத்தேசமான தொகையைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூடத் துணைவருக்குப் பணம் மிஞ்சுவது குறையும் என்பதையும் அங்கேயே காண்பீர்கள்.

நகை, சீதனம், வீடு எல்லாம் சொத்துப் பங்கீடு என்ற வேறு அத்தியாயம். அதற்குக் காலவரம்பு உண்டு: பிரிந்து ஆறு ஆண்டுகள் அல்லது விவாகரத்தாகி இரண்டு ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அது. இதை மறந்துவிட்டு விவாகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

உடன்படிக்கையா, நீதிமன்றமா

இருவரும் பேசக்கூடிய நிலையில் இருந்தால் பிரிவு உடன்படிக்கைதான் மலிவும் விரைவும். அது எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும், சாட்சி வேண்டும். கோயில் தலைவர் முன்னிலையில் பெரியவர்கள் பேசி முடித்த வாய்மொழி ஏற்பாட்டுக்கு இந்த நாட்டில் பெறுமதி இல்லை. அந்தப் பேச்சில் ஒத்துக்கொண்டதை உடன்படிக்கையாக எழுதிவிடுங்கள்.

இருவருக்கும் ஒரே சட்டத்தரணி வேலை செய்ய முடியாது. “என்னுடைய ஆள் எல்லாம் எழுதிவிட்டார், நீ கையெழுத்து மட்டும் போடு” என்றால் போடாதீர்கள். தனியாக ஒருவரிடம் அதைக் காட்டி ஆலோசனை பெற்ற பிறகு போடுங்கள். வருமானத்தை மறைத்து எழுதப்பட்ட உடன்படிக்கையையும், விளங்காமல் கையெழுத்திட்ட உடன்படிக்கையையும் நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். ஆனால் ரத்துச் செய்விப்பது, முதலிலேயே சரியாக எழுதுவதைவிடப் பல மடங்கு செலவு.

பணம் இல்லாதவர்களுக்கு வழிகள் இருக்கின்றன. மாகாணத்தின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் ஒன்ராறியோ வருமானத்தைப் பார்த்து உதவுகிறது. குடும்ப நீதிமன்றங்களில், வருபவர்களுக்கு அங்கேயே உதவும் அதன் பணிமுறைச் சட்டத்தரணிகள் இருப்பார்கள். அங்கேயே குடும்பச் சட்டத் தகவல் மையமும் உண்டு, படிவங்கள் கிடைக்கும். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் ஒரு சட்டத்தரணியோடு அரை மணி நேரம் வரை இலவசமாகப் பேசலாம். அந்த அரை மணிக்குக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். கல்யாணக் கதையைத் தொடங்கினால் மேளம் அடிப்பதற்கு முன்னமே நேரம் முடிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் நீதிமன்ற அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

விவாகரத்துத் தீர்ப்பு தருவது மேல் நீதிமன்றம் மட்டும். எல்லாவற்றிலும் உடன்பாடு இருந்தால் கூட்டு விண்ணப்பம் போடலாம், பெரும்பாலும் நேரில் தோன்றாமலே முடியும். தீர்ப்பு வந்து 31ஆவது நாளில்தான் விவாகரத்து நடைமுறைக்கு வரும். அதற்குள் மறுமண முகூர்த்தம் குறித்துவிட வேண்டாம்.

பணத்தை வசூலிப்பது

ஒன்ராறியோவில் நீதிமன்றம் கொடுக்கும் பராமரிப்பு உத்தரவு தானாகவே எஃப்.ஆர்.ஓ. எனப்படும் குடும்பப் பொறுப்பு அலுவலகத்துக்குப் போகும். உடன்படிக்கை மூலம் வந்தவர்கள் அதை நீதிமன்றத்தில் பதிவுசெய்து அங்கே அனுப்பலாம். பணம் வேலை கொடுப்பவரின் சம்பளப் பட்டியலிலிருந்தே பிடிக்கப்பட்டு உங்கள் கணக்குக்கு வரும். கட்டாவிட்டால் வாகனச் சாரதி உரிமம் நிறுத்தப்படலாம், வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படலாம். மூன்று தவணை அல்லது 3,000 டொலர் பாக்கியானால் கனடியக் கடவுச்சீட்டையும் நிறுத்த முடியும். ஊர்த் திருவிழாவுக்கு டிக்கெட் எடுத்தவருக்கு இது உடனே உறைக்கும்.

அந்த அலுவலகத்தால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வேலை போய்விட்டது என்று அவர்களிடம் அழுவதில் பயனில்லை. கட்டுபவர் உடனே உத்தரவை மாற்றும் மனுப் போட வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பாக்கி ஏறும்.

இருவரும் சம்மதித்தால் இந்த அலுவலகத்திலிருந்து விலகி நேரடியாகக் கொடுத்து வாங்கலாம். அப்படியானால் வங்கி வழியாக, ஒவ்வொரு முறையும் எந்த மாதத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். கையில் கொடுத்த காசு கொடுக்காத காசுதான். பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிளும் பராமரிப்பில் கழியாது.

வரியும் குழந்தைக் கொடுப்பனவும்

பிள்ளைக்கான பணத்துக்கு வாங்குபவர் வரி கட்ட வேண்டியதில்லை. கட்டுபவரும் கழிக்க முடியாது. துணைவருக்கான மாதப் பணம் நேர்மாறு: எழுத்து உடன்படிக்கையோ உத்தரவோ இருந்தால் கட்டுபவர் வரியில் கழிக்கலாம், வாங்குபவர் வருமானமாகக் காட்ட வேண்டும். ஏப்ரலில் அதிர்ச்சி வராமலிருக்க வாங்குபவர் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரே தடவையாகக் கொடுக்கும் மொத்தத் தொகைக்கு இந்தக் கழிவு பொதுவாகக் கிடையாது. இரண்டு தொகைகளையும் ஆவணத்தில் தனித்தனியாக எழுதுங்கள். சேர்த்து எழுதினால் முழுவதும் பிள்ளைக்கானதாகவே கொள்ளப்பட்டு, கழிவு போய்விடும்.

பிரிந்து 90 நாட்கள் ஆனதும், அடுத்த மாத இறுதிக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கனடா குழந்தைக் கொடுப்பனவு அதன்பின் உங்கள் தனி வருமானத்தின்படி மீண்டும் கணக்கிடப்படும். பலருக்கு அது கூடும்.

பின்னால் வரும் மாற்றங்கள்

வருமானம் ஆண்டுதோறும் மாறும், தொகையும் மாற வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மற்றவரின் புதிய வரிக் கணக்கையும் மதிப்பீட்டு அறிவித்தலையும் எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யூன் மாதத்தை அதற்கென வைத்துக்கொள்ளலாம், ஏப்ரல் கணக்குகள் அதற்குள் வந்திருக்கும். உடன்படிக்கை எழுதும்போதே இந்த மாதத்தை அதில் போட்டுவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறாளே என்ற பேச்சு எழாது.

வாங்குபவர் மறுமணம் செய்தாலும் பிள்ளைக்கான பணம் நிற்காது. துணைவருக்கான பணம் குறையலாம், நிற்கவும் கூடும், ஆனால் தானாக அல்ல. கட்டுபவருக்குப் புதிய குடும்பம் வந்தது என்பதற்காக முதல் பிள்ளைகளின் அட்டவணைத் தொகை சுருங்குவதில்லை. பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டால், கட்டுபவர் தானாகவே நிறுத்தாமல், இருவரும் சேர்ந்து எஃப்.ஆர்.ஓ.வுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாங்குபவர் மறுத்தால் நீதிமன்றம்தான்.

கட்டுபவர் இறந்துபோனால் என்ன ஆகும் என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. ஆயுள் காப்புறுதியில் பிள்ளைகளின் பேரில் எவ்வளவு, எதுவரை வைத்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் அது நடப்பில் இருப்பதற்கான கடிதத்தை யாரிடம் காட்ட வேண்டும் என்று உடன்படிக்கையில் ஒரு பந்தி சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வேலையிடங்களின் குழுக் காப்புறுதியில் பயனாளியின் பெயரை மாற்ற ஒரு பக்கப் படிவம்தான். பிரிந்த கையோடு அதை மாற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள், பழைய பெயரை மாற்ற மறந்தே போகிறவர்களும் இருக்கிறார்கள்.